மெட்டுக்குச் சொல் தேடுதல்: இசையமைப்பாளர் – பாடலாசிரியர் கூட்டுறவின் வரலாறு குறித்த சில சிந்தனைகள்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் துறை மாணவர் ஒருவர் தாம் இசைப்பலகையில் அமைத்த ஏழு மெட்டுகளை ஒலிப்பதிவு செய்துகொண்டு நம்மைக் காண வந்தார். மெட்டுகள் கேட்கத்தக்கனவாகவே இருந்தன. ஆனால், ஒன்றிற்கும் சொற்கள் இல்லை. அவர் நம்மிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: மெட்டு அமைக்கத் தெரிந்த ஒருவர், அதற்குப் பாட்டெழுதும் ஒருவரை எங்ஙனம் கண்டுபிடிப்பது? பாட்டியல் நூல்களையும் யாப்பிலக்கணத்தையும் பல்லாண்டு கற்பித்து வந்த நமக்கு, அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அவ்வியலாமையிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

தமிழ்ப் பாடல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாடலாசிரியரையோ இசையமைப்பாளரையோ தனித்தனியே எடுத்துப் பேசுகின்றன. இருவரும் எவ்வாறு ஒன்று சேர்ந்தனர் என்பது சுவையான துணுக்குச் செய்தியாகவே எஞ்சி நிற்கிறது. அதனை வரலாற்று வினாவாகக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்ப் பாடல் வரலாற்றில் நிலைபெற்ற கூட்டாளிகள் ஒருவரையொருவர் தேடி அலைந்து கண்டவர்கள் அல்லர். அவர்களை ஓரிடத்தில் இருத்தி வைத்த ஏற்பாடுகள் முன்னரே இருந்தன என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்து.

மெட்டும் மாத்திரையும்

மெட்டுக்குச் சொல் அமைப்பதில் தமிழுக்கென்றே ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் உயிரெழுத்தின் அளவு பொருளை வேறுபடுத்தும். கல், கால், பல், பால், படம், பாடம் என்னும் இணைகளைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். மெட்டில் ஒரு சுரம் நீண்டு ஒலிக்குமிடத்தில் குறிலை அமைத்தால், பாடுபவர் அதனை நெடிலாக்கியே பாட வேண்டியிருக்கும். அப்போது சொல் வேறு சொல்லாகிவிடும்.

இவ்விடர்ப்பாட்டை நம் இலக்கண ஆசிரியர்கள் அறியாதவர் அல்லர். தொல்காப்பிய நூன்மரபின் இறுதி நூற்பா, இசையில் எழுத்துகள் தமக்குரிய அளவைக் கடந்து நீளும் என்பதைக் கூறி, அது யாழ்நூலுக்குரிய செய்தி என்று ஒதுக்கி வைக்கிறது. ஒற்றெழுத்துகளிலும் நீளத்தக்கவை எவை என்பதை நன்னூல் வரையறுக்கிறது. மெல்லினம் ஆறனுள் ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய அனைத்தும், இடையினத்துள் வ, ய, ல, ள ஆகியவையும் ஆய்தமும் ஒற்றளபெடைக்கு உரியன. வல்லின ஒற்று நீளாது. ஓரடியின் இறுதிச் சுரத்தை நெடுநேரம் நிறுத்திப் பாட வேண்டுமாயின், அவ்வடி மகர, னகர, லகர ஒற்றுகளிலோ நெடிலிலோ முடிவது நலம் என்பதைத் திரைப்பாடலாசிரியர் பலர் செவியாலேயே உணர்ந்திருந்தனர். அவர்கள் உணர்ந்ததும் இலக்கணம் கூறுவதும் ஒன்றே.

ஆகவே, மெட்டமைப்பவருக்குத் தேவைப்படும் கூட்டாளி வெறும் கவிஞர் அல்லர். மெட்டின் நீட்டல் குறுக்கல்களைக் கேட்ட அளவில் மாத்திரையாகப் பகுத்துணரவல்ல கவிஞர் அவர். அத்தகையோர் அரியர், எனினும் தமிழ் மரபில் அவர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அதற்கான காரணம் என்ன என்பதே அடுத்து ஆராயத்தக்கது.

வண்ணமும் வர்ணமெட்டும்

மெட்டுக்குப் பாட்டெழுதுவது திரைப்படம் கொண்டுவந்த இழிநிலை என்று கருதுவோர் உளர். கவிஞன் சுதந்திரமாக எழுதியதற்கே இசையமைக்க வேண்டும் என்பது அவர்தம் வாதம். வரலாறு இக்கருத்தை முழுமையாக ஆதரிக்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வகை வண்ணங்களைக் கூறுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழில், ஒவ்வொரு பாடலும் ஒரு சந்தக் குழிப்பின்மீது நிற்கிறது. தத்தன, தானன, தய்யன என வரும் பொருளற்ற ஒலிக்கோவை அப்பாடலின் வார்ப்பு. சொற்கள் அவ்வார்ப்பின் எல்லைக்குள் அடங்குகின்றன. மெட்டமைப்பவரும் பாட்டெழுதுபவரும் சந்தித்துக்கொள்வதற்குரிய பொதுமொழி தத்தகாரமே. அம்மொழி திரைப்படத்திற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் மூத்தது.

சொல்லாசிரியர் முதலில் எழுத, இசைவல்லார் பின்னர் மெட்டமைத்த மரபும் உண்டு. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இயற்றிய இராம நாடகக் கீர்த்தனைகளுக்குச் சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமையர், கோதண்டராமையர் ஆகிய இருவரும் இசையமைத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்விருவரும் கவிராயரிடம் தமிழ் பயில வந்தவர்கள் என்று கூறப்படுவது ஈண்டுக் கருதத்தக்கது. இசையும் சொல்லும் ஆசிரியர் – மாணவர் உறவின் வழியே இணைந்தன.

பின்வந்த காலத்தில் ‘வர்ணமெட்டு’ என்னும் வழக்குப் பரவியது. ஏற்கெனவே மக்கள் நாவில் வழங்கிய பாடலின் மெட்டைக் குறிப்பிட்டு, அதன்மீது புதுச்சொற்களை அமைப்பதே அம்முறை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் மெட்டுகளில் சுப்பிரமணிய பாரதியார் (1882–1921) அரசியற் பாடல்களைப் புனைந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போன்ற நாடக ஆசிரியர்களின் பாடல்களும் அறிமுகமான மெட்டுகளைத் துணைக்கொண்டன. நாடகக் குழுவில் ஆர்மோனியக் கலைஞரும் பாட்டெழுதும் ‘வாத்தியாரும்’ ஒன்றாக உண்டு, ஒன்றாகப் பயணம் செய்தனர். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன தமிழ் நாடகக் குழுக்களின் அமைப்பும் இத்தகையதே. மெட்டறிந்தவர் சொல்லறிந்தவரைத் தேட வேண்டிய நிலை அங்கு எழவில்லை; இருவரும் ஒரே குழுவின் உறுப்பினர்கள்.

ஒரே கூரையின் கீழ்

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்த ‘காளிதாஸ்’, தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கம். அதற்குப் பாடல் எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் நாடக உலகிலிருந்து வந்தவர். தொடக்க காலப் படங்கள் நாடக மெட்டுகளையும் இந்துஸ்தானி மெட்டுகளையும் கீர்த்தனை மெட்டுகளையும் அப்படியே எடுத்தாண்டன. 1930களிலும் 1940களிலும் பெரும்புகழ் பெற்ற பாபநாசம் சிவன் (1890–1973) சொல்லும் இசையும் தாமேயாகிய வாக்கேயகாரர். அவருக்குக் கூட்டாளி தேடும் தேவை குறைவு.

பிரிவு ஏற்பட்டது அதன் பின்னரே. இசையமைப்பு தனித்தொழிலாகவும் பாடல் புனைதல் தனித்தொழிலாகவும் வளர்ந்தபோது, அவ்விரண்டையும் இணைத்து வைத்தவை படப்பிடிப்புக் கூடங்களும் படநிறுவனங்களும். டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இதற்குச் சிறந்த சான்று. அ. மருதகாசி (1920–1989) அங்கேதான் ‘மாயாவதி’ (1949) படத்தின் வழியே ஜி. இராமநாதனின் மெட்டுகளுக்குப் பாடல் எழுதத் தொடங்கினார். கவி கா. மு. ஷெரீபும் அங்கே பாடல் எழுதினார். கதை எழுதுவோர், இசையமைப்போர், பாட்டெழுதுவோர் அனைவரும் ஒரே வளாகத்தில் பணிபுரிந்த காலம் அது.

கோவையில் ஜூபிடர் நிறுவனத்தின் நிலையும் இதுவே. கண்ணதாசன் (1927–1981) தம் முதல் திரைப்பாடலை எழுதிய ‘கன்னியின் காதலி’ (1949) ஜூபிடர் நிறுவனத்தின் படம். எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவில் எம். எஸ். விசுவநாதன் (1928–2015) உதவியாளராக இருந்த காலமும் அதுவே. பின்னாளில் இணைபிரியாதவர்களாகக் கருதப்பட்ட இருவரையும் முதலில் ஒரே இடத்தில் சேர்த்தது ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலை. 1952ஆம் ஆண்டு சி. ஆர். சுப்பராமன் மறைந்த பின்னர், அவரிடம் பணியாற்றிய விசுவநாதனும் டி. கே. இராமமூர்த்தியும் (1922–2013) இணைந்து இசையமைப்பாளராயினர். அவ்வாண்டு வெளிவந்த ‘பணம்’ கண்ணதாசனின் தமையனார் ஏ. எல். சீனிவாசனின் தயாரிப்பாகும், இயக்கியவர் என். எஸ். கிருஷ்ணன். இங்கும் தேடலைக் காட்டிலும் பணியுறவும் குடும்பவுறவுமே முன்னிற்கின்றன.

1961ஆம் ஆண்டில் மட்டும் ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்று படங்கள் இக்கூட்டணியின் பாடல்களுடன் வெளிவந்தன. மூன்றையும் இயக்கியவர் ஏ. பீம்சிங். திரைத்துறையினர் ‘கம்போசிங்’ என்று வழங்கும் அமர்வு இக்காலத்தில் நன்கு வேரூன்றியிருந்தது. இயக்குநர் கதைச்சூழலைக் கூறுவார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டை வாசித்துத் தத்தகாரமாகவோ பொருளற்ற சொற்களாலோ பாடிக்காட்டுவார். பாடலாசிரியர் அங்கேயே அடிகளைச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வார். சொல் பொருந்தாதவிடத்துச் சொல் மாறும். சொல் சிறந்து நின்று மெட்டு இடையூறாயின் மெட்டு மாறும். சில வேளைகளில் சொற்களே முந்திக்கொள்ள, மெட்டு அவற்றைப் பின்தொடரும். இவ்விருவழிப் போக்கே இக்கூட்டுறவின் உயிர்நாடி எனலாம். மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்னும் பழைய வழக்கில் தீர்ப்புக் கூற முற்படுவோர், அவ்வறையில் இருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

அறையிலிருந்து ஒலிநாடாவுக்கு

அடுத்த தலைமுறையிலும் இவ்வேற்பாடு தொடர்ந்தது. இளையராஜா (பிறப்பு 1943) இசையமைப்பாளராக அறிமுகமான ‘அன்னக்கிளி’ (1976) படத்தின் பாடல்களை எழுதிய பஞ்சு அருணாசலம் (1941–2016), கண்ணதாசனின் நெருங்கிய உறவினர். அவர் சொல்லச் சொல்லப் பாடல்களை எழுதிக்கொண்ட உதவியாளர். மெட்டைக் கேட்டுச் சொல் அமைக்கும் கலையை அவர் நூலில் கற்கவில்லை. அமர்வுகளில் எழுதுகோலுடன் உட்கார்ந்து கற்றார். இளையராஜாவோ தம் தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் ஊர் ஊராகச் சென்று பாடியவர். திரைமெட்டுகளில் அரசியற் சொற்களை அமைத்துப் பாடிய குழு அது. இளவல் கங்கை அமரனும் அக்குழுவில் வளர்ந்து பாடலாசிரியரானார். குடும்பமே ஒரு பயிற்சிக்கூடமாக இருந்தமைக்கு இது தக்க சான்று.

1980ஆம் ஆண்டு பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ வழியே வைரமுத்து இளையராஜாவின் இசைக்குப் பாடல் எழுத வந்தார். 1980களின் நடுப்பகுதிக்குப் பின் அக்கூட்டுத் தொடரவில்லை. 1992ஆம் ஆண்டு மணிரத்னத்தின் ‘ரோஜா’வில் ஏ. ஆர். ரகுமானின் முதல் படத்திற்கு அவர் பாடல் எழுத, இருவரும் தேசிய விருது பெற்றனர். இவ்விரு நிகழ்வுகளிலும் இசையமைப்பாளரையும் பாடலாசிரியரையும் இணைத்தவர் இயக்குநர் என்பது கவனிக்கத்தக்கது. நிறுவனத்தின் இடத்தை இப்போது இயக்குநர் ஏற்றுக்கொண்டார்.

இதே காலத்தில் தொழில்நுட்பமும் மாறியது. மெட்டு ஒலிநாடாவில் பதிவாகிப் பாடலாசிரியரின் இல்லத்திற்குச் சென்றது; பின்னர்க் கணினிக் கோப்பாகச் சென்றது. பாடலாசிரியருக்குத் தனிமையும் நேரமும் கிடைத்தன என்பது உண்மை. ஆயினும், சொல்லுக்காக மெட்டு அக்கணமே வளைந்துகொடுக்கும் வாய்ப்புக் குறைந்தது. பதிவாகி வந்த மெட்டு முடிந்த முடிபாகத் தோன்றும். எதிரே ஆர்மோனியத்தில் ஒலிக்கும் மெட்டு இன்னும் பேசித் தீர்க்கத்தக்கதாக இருக்கும்.

மலாயா – சிங்கப்பூர்ச் சூழல்

இவ்விதி தமிழுக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இயங்கிய ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்புக் கூடத்தை நாம் அறிவோம். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன் முதலான இந்திய இயக்குநர்கள் அங்குப் பணியாற்றினர். பாடல்கள் நிறைந்த கதைப்போக்கு அவர்கள் வழியே மலாய்ப்படத்தில் நிலைபெற்றது. அங்கு உருவான பெருங்கலைஞர் பி. ரம்லி (1929–1973) மெட்டமைப்பதில் வல்லவர். எனினும், அவருடைய புகழ்பெற்ற மெட்டுகள் பலவற்றிற்குச் சொல் தந்தவர்கள் எஸ். சுடர்மாஜி, ஜமில் சூலோங் போன்ற உடன் பணியாளர்கள். ‘அந்தாரா டுவா டர்ஜாட்’ (1960) படத்தில் இடம்பெற்று இன்றளவும் பாடப்படும் ‘கெத்தாரான் ஜீவா’ ரம்லியின் மெட்டும் சுடர்மாஜியின் சொல்லும் சேர்ந்து பிறந்தது. சேலத்திலும் கோவையிலும் நிகழ்ந்ததே ஜாலான் அம்பாஸிலும் நிகழ்ந்தது. மலாய்மொழியில் உயிரின் நீட்சி பொருளை மாற்றுவதில்லை என்பதால், தமிழ்ப்பாடலாசிரியர் எதிர்கொள்ளும் மாத்திரைச் சிக்கல் அவர்களுக்கு இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

மலேசியாவின் நாட்டுப்பண்ணே மெட்டு முந்திச் சொல் பிந்திய பாடல் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1957ஆம் ஆண்டு பேராக் மாநிலப்பண்ணின் மெட்டு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குரிய சொற்களைச் சைஃபுல் பஹ்ரி உள்ளிட்ட குழுவினர் பின்னரே அமைத்தனர். மெட்டுக்கு எழுதப்பட்டமையால் அப்பாடலின் மதிப்புக் குன்றிவிடவில்லை.

உள்ளூர்த் தமிழ்ப்பாடலின் நிலையோ வேறு. இங்குத் தமிழ்ப் பாடலாசிரியரையும் மெட்டமைப்பவரையும் மாதச் சம்பளத்தில் ஒருங்கே வைத்திருந்த ஜாலான் அம்பாஸ் போன்ற தமிழ்ப்படக் கூடம் எழவில்லை. வானொலி ஓரளவு அப்பணியைச் செய்தது. 2006ஆம் ஆண்டு ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்ட யோகி பி – நட்சத்ரா குழுவினர் வேறு வழி கண்டனர். சொல்லிசையில் பாடுபவரே சொல்லாசிரியர்; எனவே, கூட்டாளி தேடும் சிக்கல் அங்கு வேறு வகையில் தீர்ந்தது. ஆனால், பண்ணமைதி மிக்க மெட்டுகளை அமைக்கும் இளைஞருக்கு அவ்வழி போதாது. அவருக்குச் சொல் தருவோர் தேவை.

நம் பட்டறிவு

தொடக்கத்தில் குறிப்பிட்ட மாணவருக்கு, வேறு ஒருவரும் கிடைக்காத நிலையில், நாமே ஒரு மெட்டுக்குப் பாடல் எழுதித் தந்தோம். துறையின் கலைவிழாவுக்கான பாடல் அது. ‘கலை வளர்ப்போம்’ என்று பல்லவியைத் தொடங்கினோம். எதுகை, மோனை யாவும் முறையாக அமைந்தன என்னும் மனநிறைவுடன் கொடுத்தோம். ஒத்திகையில் பாடகி பாடத் தொடங்கியதும் மாணவர் கூட்டம் சிரித்தது. மெட்டின் முதற்சுரம் இரண்டு மாத்திரைக்கு நீண்டது; ‘கலை’, ‘காலை’ ஆகிவிட்டது. காலை வளர்க்குமாறு நாம் சபையோரை அழைத்திருந்தோம்.

ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டிருந்தும் அப்பிழை நம் செவிக்கு எட்டவில்லை. நாம் தாளில் எழுதினோம், மெட்டோடு அமரவில்லை. மாணவர் தயங்கித் தயங்கி, முதலெழுத்து நெடிலாக இருந்தால் நலம் என்றார். அவரே இசைப்பலகையில் ‘தானை தனானா’ என்று பாடிக்காட்டியபோது, ‘பாட்டை வளர்ப்போம்’ என்று மாற்றினோம். அது பொருந்தியது. இரண்டாவது சரணத்தில் நாம் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒரு சொல்லுக்காக அவர் மெட்டைச் சற்றே சுருக்கினார். ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஒரே மேசையில் அமர்ந்திருந்தோம். யாப்பருங்கலக்காரிகையை ஆண்டுதோறும் கற்பித்து வந்த நாம், மாத்திரை என்பது செவிக்குரிய அளவு என்பதை அன்று நம் மாணவரிடம் கற்றோம்.

அவருடைய எஞ்சிய ஆறு மெட்டுகளுள் இரண்டிற்கு நம் துறையிலேயே பயின்ற மற்றொரு மாணவி சொல் அமைத்தார். அவ்விருவரும் இரண்டாண்டுகள் ஒரே விரிவுரைக் கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள். ஒருவர் மெட்டமைப்பதை மற்றவர் அறிந்திலர்; மற்றவர் கவிதை எழுதுவதை இவரும் அறிந்திலர். மீதி நான்கு மெட்டுகளுக்கு மலாய்ச் சொற்கள் அமைந்தன. அவை நல்ல பாடல்களே. ஆயினும், தமிழில் பிறந்திருக்கக்கூடிய நான்கு பாடல்கள் தமிழில் பிறக்கவில்லை என்னும் எண்ணம் நம்மை விட்டு நீங்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, மெட்டுக்குச் சொல் அமைத்தல் வண்ணப்பா மரபிலேயே வேர்கொண்ட கலை. அதனை இழிவாகக் கருதத் தேவையில்லை. இரண்டு, தமிழில் அக்கலை மாத்திரையறிவை இன்றியமையாததாகக் கொண்டது. அவ்வறிவு ஏட்டறிவாக நின்றுவிடின் பயன் தராது. மூன்று, கூட்டாளிகளை நாடகக்குழு, படநிறுவனம், குடும்பம், குருகுலம், இயக்குநர் எனக் காலத்துக்குக் காலம் ஏதேனும் ஓர் ஏற்பாடு இணைத்து வைத்தது. ஏற்பாடு இல்லாதவிடத்துத் திறமையுடையோர் அருகருகே இருந்தும் அறியாதவராகவே பிரிகின்றனர்.

நம் நாட்டுச் சூழலில் அவ்வேற்பாடு பல்கலைக்கழகத் துறைகளிலும் ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் அமைதல் கூடும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. யாப்பிலக்கண வகுப்பில் மாதம் ஒருமுறை, மெட்டமைக்கத் தெரிந்த மாணவர் ஒருவரை அழைத்துத் தத்தகாரத்தில் பாடச்செய்து, மற்றவர்களை அங்கேயே சொல் அமைக்கச் செய்தால் போதும். நேரசையும் நிரையசையும் கரும்பலகையிலிருந்து இறங்கிச் செவியில் ஏறும். யார் மெட்டறிந்தவர், யார் சொல்லறிந்தவர் என்பதும் அவ்வகுப்பிலேயே வெளிப்படும்.

இச்சிறு முயற்சியை நம் துறையில் தொடங்கி நடத்தி வருகிறோம். முதல் அமர்வுக்கு ஒன்பது பேர் வந்தனர். அவர்களுள் எழுவர் கவிதை எழுதுவோர், இருவரே மெட்டமைப்போர். அன்று சொல்லுக்கு மெட்டுத்தான் பற்றாக்குறையாக இருந்தது.